விர்பி கேட்க மறந்த கேள்வி

விர்பி இக்கோனெனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் எங்கள் மாவட்டத்தில் எந்த வீட்டில் எந்தக் கார் நிற்கிறது, அதை எப்போது வாங்கினார்கள், கஷ்டம் வந்தபோது விற்றார்களா, விற்ற பிறகு அந்தக் குடும்பம் என்ன ஆனது என்று அவளைப் போல அறிந்தவர் யாரும் கிடையாது. யோவென்சூ பல்கலைக்கழகத்தில் அவள் பொருளாதார ஆராய்ச்சியாளர். நான் அதே ஊரில் முப்பத்தொரு வருஷம் டாக்சி ஓட்டியவன். பெயர் ஈவாரி.

2013 செப்டம்பரில் ஒருநாள் போன் செய்தாள்.

"கிராமங்களுக்குப் போகணும். வீடு வீடா. தொடர்ந்து வர்ற மாதிரி ஒருத்தர் வேணும்."

"எத்தனை வீடு?"

"நூத்தி நாப்பது. வருஷத்துக்கு ஒரு தடவை, மூணு வருஷம்."

யாரோ கேலி செய்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுநாள் காலை அவள் பல்கலைக்கழக வாசலில் பச்சைக் கம்பளித் தொப்பியும் காபி பிளாஸ்க்குமாக நின்றிருந்தாள். ஒல்லியான, உயரமான பெண். முப்பத்து நான்கு வயது. பின் சீட்டில் உட்கார்ந்தால் வாந்தி வரும் என்று சொல்லி முன்னால் ஏறிக்கொண்டாள்.

ஊர் எல்லை தாண்டியதும் கேட்டேன். "லைசென்ஸ் இல்லையா?"

"இல்ல."

"புடுங்கிட்டாங்களா?"

"எடுக்கவே இல்ல."

"காரைப் பத்தி ஆராய்ச்சி பண்ற டாக்டரம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. இத வெளிய சொன்னா சிரிப்பாங்க."

"மீனைப் பத்திப் படிக்கிறவன் ஏரிக்குள்ளயா குடியிருக்கான்? ரோட்டைப் பாத்து ஓட்டுங்க ஈவாரி."

அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று.

அவள் ஆராய்ச்சி இதுதான். ஒரு வீட்டில் வேலை போகிறது, அல்லது நோய் வருகிறது, அல்லது புருஷன் பெண்டாட்டி பிரிகிறார்கள். கடன் தவணை கட்ட முடியவில்லை. ஆலோசனை கேட்கப் போனால் எல்லா இடத்திலும் ஒரே பதில்தான்: முதலில் காரை விற்று விடுங்கள். தலைநகர் ஹெல்சிங்கியில் இருப்பவர்களுக்கு அது சரி. கீழே இறங்கினால் டிராம் நிற்கிறது. எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூட பஸ் காலையில் ஒன்று, மதியம் ஒன்று. மற்றபடி காடும் ஏரியும்தான். காரை விற்றவன் வேலைக்கு எப்படிப் போவான்? விற்காமல் இழுத்துப் பிடித்தவன் கடனில் மூழ்கினானா, இல்லை பிழைத்தானா? இதை யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. விர்பி பார்க்கத் தொடங்கினாள்.

ஆபீசில் நாலு பேர் முன்னால் பேச வராது அவளுக்கு. ஆனால் ஒரு சமையலறை மேஜையில் உட்கார வைத்தால் போதும். காபியை மெதுவாகக் குடிப்பாள். அவசரமே காட்டமாட்டாள். என்னையும் உள்ளே கூப்பிடுவார்கள். குளிரில் டிரைவரை வெளியே உட்கார வைக்கும் பழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. அடுப்போரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். மனைவியிடம்கூடச் சொல்லாததையெல்லாம் ஆண்கள் அவளிடம் சொன்னார்கள். ஒருத்தன் தன் பழைய டீசல் காரை விற்ற நாளைச் சொல்லும்போது எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவன் திரும்பி வரும் வரை காத்திருந்தாள்.

போகப் போக அவளுக்கு ஒரு கண் வந்துவிட்டது. வாசலில் இறங்கும்போதே டயரைப் பார்ப்பாள். "பனிக்குப் புது ஆணி டயர் போட்டிருக்கான். இந்த வருஷம் விக்கமாட்டான்." பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இரண்டாம் வருஷம் முடியும்போது அவளுக்கு விடை தெரிய ஆரம்பித்தது. வேலைக்கு வெகுதூரம் போகிற குடும்பங்களில், கஷ்டம் வந்ததும் அவசரப்பட்டுக் காரை விற்றவர்கள்தான் அதிகம் சரிந்திருந்தார்கள். முதலில் கார் போனது. ஆறே மாதத்தில் வேலையும் போனது. சந்தோஷமும் பயமும் கலந்து இதைச் சொன்னாள். "இன்னும் ஒரு வருஷம் பாக்கணும் ஈவாரி. அதுவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது."

வாயைத் திறக்கக் கூடாது என்பது அந்த வேலையின் விதி. வீட்டுக்காரர்களுக்கு அவள் எந்த யோசனையும் சொல்லக்கூடாது. சொன்னால் அவர்கள் தாங்களாக என்ன செய்திருப்பார்கள் என்பது தெரியாமலே போய்விடும்.

அந்த விதி உடைந்தது மிர்வாவின் வீட்டில்.

மிர்வா கொந்த்தூரிக்கு அப்போது முப்பத்தோரு வயது. யோவென்சூவிலிருந்து ஐம்பத்திரண்டு கிலோமீட்டரில், கிழக்கே எல்லைப்புறமாக ஒரு சின்ன ஊர். சாலையின் கடைசியில் நாலே வீடு. அதில் ஒன்று அவளுடையது. புருஷன் மரலாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், பிரிந்து நார்வேக்குப் போய்விட்டான். ஒன்பது வயதில் நேயா என்றொரு பெண், ஆறு வயதில் ஒஸ்கு என்றொரு பையன். மிர்வா யோவென்சூ மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். காலை ஆறு மணி ஷிப்ட்.

2015 ஜனவரியில் நாங்கள் போனபோது பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கடன் ஆலோசகர் எழுதிக் கொடுத்தது. முதல் வரி: கார் விற்பனை.

கேள்விகள் முடிந்ததும் மிர்வா தட்டிலிருந்த ரொட்டித் தூளை விரலால் ஒற்றி எடுத்தபடி கேட்டாள்.

"நீங்க எல்லா வீட்டுக்கும் போறீங்க. என்னை மாதிரி எத்தனையோ பேரைப் பாத்திருப்பீங்க. சொல்லுங்களேன், நான் விக்கலாமா வேண்டாமா?"

விர்பி என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன்.

"அது நான் சொல்லக்கூடாது மிர்வா."

"சொல்லக்கூடாதா? தெரியாதா?"

"சொல்லக்கூடாது."

மிர்வா சிரித்தாள். கோபமாகக்கூட இல்லை. "அப்ப தெரியும். சரி, இருக்கட்டும். இன்னொரு காபி ஊத்தவா?"

கிளம்பிவிட்டோம். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு டிகிரி குளிர். நாலைந்து கிலோமீட்டர் போனதும், "நிறுத்துங்க ஈவாரி" என்றாள் விர்பி. சாலையோரம் நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை, அந்தக் குளிரில் அணைத்தால் மறுபடி கிளம்புமோ என்னவோ. அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். தன் வீட்டில் நடந்ததை அங்கேதான் முதன்முறையாகச் சொன்னாள்.

1992. அவளுக்குப் பதின்மூன்று வயது. அப்பா தைஸ்தோ வேலை பார்த்த மரம் அறுக்கும் ஆலையை மூடிவிட்டார்கள். அந்த வருஷம் நாடே அப்படித்தான் இருந்தது. வாங்கிய கடன் கழுத்தை நெரித்தபோது, வங்கியில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஒரு வேலைதான் மிச்சம், ஒரு ஆள் வேலைக்குப் போவதற்குக் கார் எதற்கு என்றார். அவர்களிடம் இருந்தது நீல நிற டாட்சன். விற்றார்கள். அம்மா லஹ்யா முதியோர் இல்லத்தில் சமையல்காரி. பெரிய ரோட்டுக்கு ஏழு கிலோமீட்டர். அங்கே போய் நின்றால் ரொட்டி வேன்காரன் ஏற்றிக்கொள்வான். ஆகவே அப்பா விடியுமுன்னே எழுந்து, அம்மாவைத் தள்ளுசறுக்கு வண்டியில் உட்கார வைத்து, போர்வையைச் சுற்றி, பனிமேல் தள்ளிக்கொண்டே பெரிய ரோடு வரை போவார். ஜனவரி முழுக்க அப்படி. பிப்ரவரியில் ரொட்டி வேன் வேறு பாதையில் போக ஆரம்பித்தது. அம்மாவின் வேலை அந்த மாதமே போயிற்று.

"அப்பா அதுக்கப்புறம் பெருசா யார்கிட்டயும் பேசல" என்றாள் விர்பி. "சண்டையெல்லாம் இல்ல. பேச்சுதான் நின்னுபோச்சு. நான் பெரியவளானதும் இத எண்ணிப் பாக்கணும்னு தோணிச்சு. எங்களுக்கு மட்டும் அப்படி ஆச்சா, எல்லாருக்குமா?"

கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டினேன்.

"திருப்புங்க" என்றாள்.

திருப்பினேன். மிர்வா கதவைத் திறந்து, "கையுறைய மறந்துட்டீங்களா?" என்றாள். விர்பி காலணியைக்கூடக் கழற்றாமல் வாசல் மிதியடியிலேயே நின்று, எனக்குச் சொன்ன கதை முழுவதையும் அவளிடம் சொன்னாள். தள்ளுசறுக்கு வண்டியைச் சொல்லும்போது மிர்வா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது யோசனை இல்ல" என்றாள் விர்பி கடைசியில். "எங்க வீட்டுல நடந்தது, அவ்வளவுதான். நீ உன் விருப்பப்படி செய்."

மறுநாள் நேராகப் பேராசிரியர் டோர்ஸ்டனிடம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டாள். ஆராய்ச்சிக்கு அவர்தான் தலைவர். நிதானமான மனிதர், தலை முழுக்க நரை, எப்போதும் ஒரே பழுப்புக் கம்பளிச் சட்டை. அவர் சொன்னதை விர்பி எனக்கு அப்படியே சொல்லிக் காட்டினாள்: "நீ செஞ்சது தப்பு. உன் இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். அதனால தப்பு சரியாகிடாது. அந்த வீட்ட எடுத்துடு."

அந்த வீடு ஆராய்ச்சியிலிருந்து நீக்கப்பட்டது. நூற்று முப்பத்தொன்பது வீடுகள் மிஞ்சின. ஆனாலும் மூன்றாம் வருஷமும் வருவதாக மிர்வாவிடம் வாக்குக் கொடுத்திருந்ததால், 2016 ஜனவரியில் போனோம்.

சந்துக்குள் திரும்பும்போதே தெரிந்துவிட்டது. மிர்வாவின் கார் நிற்கும் இடத்தில் முழங்கால் அளவு பனி. எஞ்சினைச் சூடாக்கும் மின்கம்பி சுருட்டிக் கம்பத்தில் மாட்டியிருந்தது.

"வித்துட்டா" என்றாள் விர்பி. குரலே எழும்பவில்லை. "அவ்வளவு சொல்லியும் வித்துட்டா. வேலை போயிருக்கும். நான் எப்படி ஈவாரி உள்ள போவேன்? இப்படியே திரும்பிடலாம்."

"வந்தது வந்துட்டோம். புகைபோக்கிய பாரு, அடுப்பு எரியுது. இறங்கு."

கதவைத் திறந்த மிர்வாவின் கை முழங்கை வரை மாவு. அரிசி வைத்த அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். வீடு முழுக்க ரை தானிய மாவும் வெண்ணெயுமாக மணத்தது. உள்ளே மேஜையில் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு கிழவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, வெந்த முட்டையை வெண்ணெயோடு முள்கரண்டியால் பிசைந்துகொண்டிருந்தார்.

"இவர்தான் ஹெய்மோ. பக்கத்து வீடு" என்றாள் மிர்வா.

"பக்கத்து வீடு இல்ல, இவளோட எசமான்" என்றார் கிழவர்.

"பேசாம முட்டையப் பிசை கிழவா."

விர்பி தாளை எடுத்தாள். "மிர்வா, வேலை..."

"போன மாசம் ஷிப்டுக்கு மேற்பார்வை குடுத்திருக்காங்க. சம்பளம் கொஞ்சம்தான் கூட, ஆனா பேரு பெருசு."

"எப்படிப் போற? அம்பத்திரண்டு கிலோமீட்டர்!"

"கார்லதான்."

"காரத்தான் வித்துட்டியே?"

"என் காரை வித்துட்டேன். ஹெய்மோ கார் இருக்குல்ல?"

மிர்வா கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க உங்க அம்மா கதைய சொல்லிட்டுப் போனீங்க பாருங்க, அன்னைக்கு ராத்திரி தூங்கவே இல்ல. அழுதேன். ஆனா கார விக்காம முடியாது, தவணை அப்படி. அப்பத்தான் யோசிச்சேன், அந்த அம்மாவுக்குப் பக்கத்துல வேற யார் வீட்டுலயாவது கார் இருந்திருந்தா? அப்புறம் ஜன்னல் வழியா பாத்தேன். ஹெய்மோ கொட்டகைல ஒண்ணு சும்மா நிக்குது."

"சும்மா நிக்கல, ஓய்வெடுத்துக்கிட்டிருந்துச்சு" என்றார் ஹெய்மோ. காட்டில் மரம் வெட்டும் எந்திரம் ஓட்டி ஓய்வுபெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். கண்ணின் நடுவில் பார்வை மங்கி வந்ததால் இனி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாதம் ஒருமுறை அதே மருத்துவமனையில் கண்ணில் ஊசி போட வேண்டும். போக வழியில்லாமல் இரண்டு ஊசியைத் தவறவிட்டிருந்தார். வெட்கத்தில் யாரிடமும் கேட்கவும் இல்லை. "இவ வந்து கதவத் தட்டி, 'உன்கிட்ட கார் இருக்கு, கண்ணு இல்ல. என்கிட்ட கண்ணு இருக்கு, கார் இல்ல. என்ன சொல்ற?'ன்னு கேட்டா. இப்படி ஒரு வாய் உள்ளவள நான் ஜென்மத்துல பாத்ததில்ல."

"அன்னைக்கே சாவியக் குடுத்துட்டார்" என்றாள் மிர்வா. "வியாழக்கிழமை கடைக்குப் போகும்போது எதிர்வீட்டு தாத்தா பாட்டியும் ஏறிக்குவாங்க. நாலு வீட்டுக்கும் ஒரே காருதான் இப்போ."

"இத என் தாள்ல எங்க எழுதுறது?" என்றாள் விர்பி.

"உங்க தாள்ல அதுக்கு இடமே இல்லையே. உங்க வீட்டுல எத்தனை கார்னு கேட்டிருந்தீங்க. இல்லைன்னுதான் போடணும். ஹெய்மோகிட்ட கேட்டிருந்தா ஒண்ணு இருக்குன்னிருப்பார். ஓட்டுறது யாருன்னு யார் கேட்டா?"

திரும்பும் வழியில் ஊர் விளக்குகள் தெரிந்தபோது விர்பி, "மூணு வருஷமா போற வீட்டுல எல்லாம் காரத்தான் பாத்தேன் ஈவாரி. உள்ள யார் உக்காந்திருக்காங்கன்னு பாக்கவே இல்ல" என்றாள். அழுவாளோ என்று பார்த்தேன். அழவில்லை. முகம் சின்னப் பிள்ளைக்குப் புது விளையாட்டுப் பொருள் கிடைத்த மாதிரி இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பயந்தபடியே ஆயிற்று. எல்லா வீட்டுக்கும் இன்னொரு முறை போக வேண்டும் என்றாள். டோர்ஸ்டன் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த இலையுதிர்காலத்தில் ஒரு விரிவுரையாளர் பதவிக்கு ஆள் எடுக்க இருந்தார்கள். கையில் இருக்கும் கட்டுரையை வெளியிட்டால் அது அவளுக்கே கிடைக்கும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

"விர்பி, உன் முடிவு தப்புன்னு யாரும் சொல்லல. முதல்ல இத வெளியிடு. அந்தக் கேள்விய அடுத்த ஆராய்ச்சில கேட்டுக்கலாம்."

"முடிவு சரியான்னு எனக்கே தெரியாதப்போ எப்படி வெளியிடுறது?"

"பதவி போயிடும்."

"போகும்னுதான் நெனக்கிறேன்" என்றாளாம்.

எனக்கு ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் இருந்தது. சனி ஞாயிறு பகலில் ஓட்டம் குறைவு. பெட்ரோலுக்கு மட்டும் கொடு, வருகிறேன் என்றேன். என் மனைவிக்கு முதலில் பிடிக்கவில்லை. பிறகு ஒருநாள் விர்பியை வீட்டில் சாப்பிட வைத்துப் பார்த்தபின், "அந்தப் பொண்ணு வழியில ஒண்ணும் திங்கமாட்டா போல, இந்தா" என்று மூன்று பேருக்கான சாண்ட்விச் கட்டிக் கொடுத்தாள்.

அந்த முறை கேட்டது ஒரே கேள்வி: போன வாரம் உங்கள் காரில் யார் யார் உட்கார்ந்தார்கள்?

இதைக் கேட்டதும் முதலில் எல்லாரும் சிரிப்பார்கள். "நானும் என் நாயும்" என்றான் ஒருத்தன். கொஞ்சம் பொறுத்தால் விரலை மடக்க ஆரம்பிப்பார்கள். பால் பண்ணைக்காரர் ஒருவர் பதினோரு வருஷமாக, வாரம் மூன்று முறை, தன்னை விட்டுப் போன மனைவியைச் சிறுநீரகச் சிகிச்சைக்குக் கூட்டிப் போகிறார். அவளுடைய இரண்டாம் புருஷனுக்குக் கார் இல்லை. "வழியில பேசிக்குவீங்களா?" என்று விர்பி கேட்டாள். "பேசுறதா? கல்யாணமான காலத்துல பேசினதவிட இப்ப நல்லாவே பேசுறோம்" என்றார். நூர்மெஸ் பக்கம் ஓர் அம்மாள் தான் யாரையும் ஏற்றுவதில்லை என்று அடித்துச் சொன்னாள். வாசல் வரை வந்தபின், "தேவாலயப் பாட்டுக்குழுவுக்கு அஞ்சு பேரக் கூட்டிட்டுப் போறது கணக்குல வருமா?" என்றாள்.

கார் விற்ற வீடுகளில் விர்பி அக்கம்பக்கத்தையும் விசாரித்தாள். அங்கேதான் அவளுக்கு உண்மையான விஷயம் கிடைத்தது. ஒரு வீடு காரை விற்றபோது அந்த வீடு சமாளித்துக்கொண்டிருக்கும். ஆனால் இரண்டு வீடு தள்ளியிருக்கும் கிழவி அந்தக் குளிர்காலத்திலேயே முதியோர் இல்லத்துக்குப் போயிருப்பாள், கடைக்குக் கூட்டிப் போக ஆளில்லாததால். அவள் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. மிர்வா மாதிரிக் காரை விற்றும் தப்பித்தவர்களும் இருந்தார்கள். அது, பக்கத்தில் யாருடைய கொட்டகையில் என்ன நின்றது, கதவைத் தட்டும் துணிச்சல் இருந்ததா என்பதைப் பொறுத்திருந்தது.

ஏப்ரல் கடைசியில், சாலையெல்லாம் சேறாகிக் கிராமப்பக்கம் போக முடியாத ஒரு சனிக்கிழமை, விர்பி தன் அம்மாவைப் பார்க்கப் போனாள். நானும் போனேன், லஹ்யாவின் புத்தக அலமாரி ஒன்றை மாடிக்கு ஏற்ற வேண்டியிருந்தது. எழுபத்து நாலு வயது. தைஸ்தோ இறந்து ஆறு வருஷம். ஆற்றோரத்துக் குடியிருப்பில் தனியாக இருந்தாள். காபி குடிக்கும்போது விர்பி திடீரென்று கேட்டாள்.

"அம்மா, நம்ம டாட்சன்ல யாரெல்லாம் ஏறுவாங்க?"

"இது என்னடி கேள்வி?"

"எல்லார்கிட்டயும் கேக்குறேன். உன்கிட்டதான் கேக்கல."

லஹ்யா கோப்பையைத் தட்டில் வைத்தாள். "நீ, நான், அப்பா. தபால்காரர் பையன் சிலநாள். அப்புறம் இம்ப்பி."

"ரோட்டுக்கு அந்தப் பக்கத்து வீட்டு இம்ப்பியா?"

"புதன்கிழமை புதன்கிழமை அவளக் கதிர்வீச்சு சிகிச்சைக்கு அப்பாதான் கூட்டிட்டுப் போவார். நீ பள்ளிக்கூடத்துல இருப்ப, உனக்குத் தெரியாது. கார வித்தப்புறம் அவ போகல. வேற ஏற்பாடு பண்ணிக்கிட்டேன்னு சொன்னா. பண்ணல." லஹ்யா மேஜை விரிப்பை நீவிவிட்டாள். "நான் வேலை போனதுக்கு அழுதேன்னு நீ நெனச்சுக்கிட்டிருக்க. வேலை என்னடி, வேலை. அப்பா பேசாம போனதும் எங்க வேலைக்காக இல்ல. இம்ப்பி வீட்டுப் பக்கம் பாக்க மாட்டாம சுவத்தப் பாத்துப் படுத்துக்குவார்."

விர்பி எழுந்து மேஜையைச் சுற்றி வந்து அம்மாவின் பின்னால் நின்று, இரண்டு கையாலும் அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். எங்கள் ஊரில் அப்படியெல்லாம் சாதாரணமாகக் கட்டிக்கொள்ள மாட்டார்கள். லஹ்யாவுக்கே கூச்சமாக இருந்திருக்கும். மகளின் கையை இரண்டு தட்டு தட்டி, "போதும் கண்ணு, காபி ஆறுது" என்றாள். நான் அலமாரியை நகர்த்தும் சாக்கில் அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

பதவி வேறொருவருக்குப் போயிற்று. துர்க்கூவிலிருந்து வந்த கெட்டிக்காரப் பையன். விர்பிக்கு அவன்மேல் கோபமில்லை. அவளுடைய கட்டுரை வெளிவர மேலும் இரண்டு வருஷம் ஆயிற்று. முதலில் எழுதியது ஒரே வரியில் சொல்லக்கூடிய முடிவு: விற்காதே. இப்போது எழுதியதில் அப்படி ஒரு வரி கிடையாது. விற்பதும் விற்காததும் அந்த வீட்டை மட்டும் பொறுத்ததல்ல. ஒரு காரை ஒரு வீட்டின் சொத்தாக மட்டும் எண்ணினால் பாதிப் பேர் பார்வையில் படவே மாட்டார்கள் என்று எழுதியிருந்தாள். பத்திரிகைக்காரர்கள் யாரும் கூப்பிடவில்லை. மிர்வாவின் வீட்டை ஏன் நீக்கினாள் என்பதையும் அடிக்குறிப்பில் ஒளிக்காமல் எழுதியிருந்தாள். ஹெல்சிங்கி கருத்தரங்கில் அதைப் படித்துவிட்டு ஒருவர், "ஆராய்ச்சியாளரே அழுதுட்டாங்களா?" என்று கேலி செய்தாராம். "அழல. கார்லேருந்து இறங்கிப் பேசினேன்" என்றாளாம் இவள்.

பிறகு மெல்ல மெல்ல ஒன்று நடந்தது. எங்கள் மாவட்டத்தில் கடன் ஆலோசனை சொல்கிற ஒரு பெண்மணி கட்டுரையைப் படித்துவிட்டு விர்பியை அழைத்தாள். இப்போது அவர்கள் காரை விற்கச் சொல்லும் முன் இரண்டு விஷயம் விசாரிக்கிறார்கள்: உங்கள் காரை நம்பி வேறு யார் இருக்கிறார்கள், நீங்கள் யார் காரை நம்பலாம். சில இடங்களில் நாலைந்து வீடு சேர்ந்து ஒரே காரை வைத்துக்கொள்ள அவர்களே பேசி முடித்தும் வைக்கிறார்கள். எல்லா இடத்திலும் சரிவரவில்லை. ஓர் ஊரில் சீட்டில் யார் புகையிலைத் தூள் சிந்தியது என்ற தகராறிலேயே எல்லாம் முறிந்துபோயிற்று. விர்பி அதையும் எழுதி வைத்திருக்கிறாள். பதவி உயர்வு இல்லாவிட்டாலும் நிரந்தர வேலை கிடைத்தது. இப்போது வீட்டைச் சூடாக்கும் செலவைப் பற்றி ஆராய்கிறாள்.

இதை எழுதப்போகிறேன் என்று மிர்வாவிடம் சொன்னேன். பெயரை மாற்றிவிடுகிறேன் என்றேன். "மாத்தாதே. சலவைக்கூடத்துல இருக்கிறவங்களுக்குக் காட்டணும்" என்றாள்.

போன வருஷம் கோடைத் திருவிழாவுக்கு மிர்வா எங்களை எல்லாம் ஏரிக்கரைக்குக் கூப்பிட்டிருந்தாள். தீமூட்ட மரம் அடுக்கியிருந்தார்கள். இரவு ஒன்பது மணிக்கும் வெயில் தண்ணீர்மேல் பளபளத்தது. ஹெய்மோவின் கார் மூன்று நடை போய் எல்லாரையும் கொண்டுவந்து இறக்கிற்று. ஹெய்மோவுக்கு இப்போது ஓரக்கண்ணில் மட்டும்தான் தெரிகிறது. ஆனாலும் முன்சீட்டில் உட்கார்ந்து, "மெதுவா, அங்க பள்ளம் இருக்கு" என்று வழியெல்லாம் மிர்வாவை அதட்டிக்கொண்டே வந்தார். நேயாவுக்குப் பத்தொன்பது வயது. செவிலியர் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். லஹ்யா ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் இருந்தாள்.

விர்பி கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, மரப்பாலத்தில் உட்கார்ந்து தண்ணீரில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஹெய்மோ தடவித் தடவி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உன் கட்டுரைல என் பேரு இருக்கா?"

"இல்ல ஹெய்மோ. பேரே போடக்கூடாது."

"அப்ப எனக்கு எப்படித் தெரியும் அது நான்தான்னு?"

"பதினேழாம் பக்கம், அடிக்குறிப்புல. 'கார் உள்ள, ஓட்ட முடியாத ஒருவர்.'"

ஹெய்மோ திரும்பி, கரையில் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்த மிர்வாவைப் பார்த்துச் சத்தமாகக் கத்தினார். "ஏய் மிர்வா! நான் பதினேழாம் பக்கத்துல இருக்கேனாம்! நீ எத்தனையாவது பக்கம்?"

"வாய மூடிட்டு வா, ஆறிப்போவுது" என்றாள் மிர்வா.

விர்பி எழுந்து அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். இரண்டு பேரும் மெதுவாக, பலகை பலகையாகக் கால் வைத்து, கரைக்கு நடந்து போனார்கள்.